அத்தியாயம் 7: வந்தவர் கணக்கு – வருகைக் கணக்குச் சேவையைப் பரீட்சித்துத் தெரிவு செய்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர் இணையத்தளங்கள் பலவற்றின் அடியில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். ‘இதுவரை வருகை தந்தோர்’ என்ற வரியும் பக்கத்தில் ஆறேழு இலக்கங்களும் தெரியும். சிலவற்றில் உலகப் படமும் அதில் சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். கொடியேற்றப் படம், மரண அறிவித்தல், வாசிகசாலை ஆண்டு விழாச் செய்தி என்று ஊரையும் புலம்பெயர்ந்த உறவுகளையும் சேர்த்து வைத்திருக்கும் தளத்துக்கு அந்தப் பெட்டி ஒரு பெருமை. ஆனால் நிர்வாகசபைக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும்போது அந்த எண் உதவுவதில்லை. வந்தவர்கள் ஊரில் இருப்பவர்களா, ரொறன்ரோவில் இருப்பவர்களா, தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களா என்பது அதில் தெரியாது.

அந்த விபரங்களைத் தருவதாகச் சொல்லும் சேவைகள் இன்று நிறைய உள்ளன. பாதி இலவசம், மீதிக்கு டொலரில் சந்தா. எது நல்லது என்று விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. உங்கள் தளத்திலேயே வைத்துப் பரீட்சித்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு கொப்பியும், சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்யக்கூடிய ஐந்து பேரும், ஏறக்குறைய இரண்டு மாத அவகாசமும் போதும். நிரல் எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில், இந்தக் கணக்கை வைத்து நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகளை எழுதுங்கள். ‘எத்தனை பேர் வருகிறார்கள்?’ என்பது இந்தப் பட்டியலில் சேராது. சேரக்கூடியவை இப்படி இருக்கும்:

• ஊர்த் தளம்: திருவிழாப் படங்களை எத்தனை மணிக்கு ஏற்றினால் வெளிநாட்டு உறவுகள் அன்றே பார்ப்பார்கள்?
• நல்லூரில் விருந்தினர் விடுதி: அறை பதிவு செய்தவர்கள் கூகிள் தேடலில் வந்தார்களா, பேஸ்புக்கில் வந்தார்களா? விளம்பரப் பணத்தை எதில் போடுவது?
• பனங்கட்டி, ஒடியல்மா விற்கும் சிறு நிறுவனம்: விலைப் பக்கம் வரை வந்தவர்கள் ஏன் கேள்விக் கடிதம் அனுப்பாமல் போகிறார்கள்?
• பழைய மாணவர் சங்கம்: ஆங்கிலப் பக்கங்களைப் பராமரிக்கும் செலவு தேவையா, தமிழ்ப் பக்கங்களே போதுமா?

மூன்று கேள்விகளுக்கு மேல் எழுத வேண்டாம். இனி ஒவ்வொரு சேவையையும் இந்த மூன்று கேள்விகளால்தான் அளக்கப் போகிறீர்கள். கேள்வி இல்லாமல் சேவையைப் பொருத்தினால் அழகான வரைபடங்கள் கிடைக்கும். கூட்டத்தில் அவற்றைக் காட்டுவீர்கள். முடிவு எதுவும் வராது.

2. எண்ணும் வழிகள் மூன்று

முதல் வழி, வழங்கியின் பதிவேட்டை வாசிப்பது. உங்கள் தளம் இருக்கும் வழங்கி, தன்னிடம் வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு கோப்பில் எழுதுகிறது. ஏடபிள்யூஸ்டட்ஸ் போன்ற மென்பொருள் அதைக் கூட்டிக் காட்டும். வாடகை வழங்கிகளின் சீபனல் கட்டுப்பாட்டுப் பலகையில் இது பெரும்பாலும் இலவசமாகவே இருக்கும். ஒருவரும் தப்ப மாட்டார்கள் என்பது இதன் பலம். மனிதரோடு தானியங்கி நிரல்களையும் எண்ணிவிடுவது இதன் குறை. எண் பெரிதாக இருப்பதைக் கண்டு மகிழ வேண்டாம்.

இரண்டாவது வழி, பக்கத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்து, வாசகரின் உலாவியில் குக்கி ஒன்றை இட்டு, அவர் மறுபடி வரும்போது அடையாளம் காண்பது. கூகிள் அனலிடிக்ஸ் இந்த வகை. மடோமோவும் இயல்பாக இப்படியே இயங்கும். குக்கி இல்லாமலும் இயங்க வைக்கலாம்.

மூன்றாவது வழியிலும் ஸ்கிரிப்ட் உண்டு, குக்கி இல்லை. பிளாசிபிள், கோட்கவுண்டர் போன்றவை இந்த வகை. ஐபி முகவரியையும் உலாவியின் பெயரையும் கலந்து தற்காலிகக் குறியீடு ஒன்றை உருவாக்கி, அதை வைத்து ஒரே ஆளை இரு முறை எண்ணாமல் பார்க்கும். பிளாசிபிள் இந்தக் குறியீட்டுக்கான திறவுகோலை நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடும். இன்று வந்தவர் நாளை வந்தால் புதியவராகவே எண்ணப்படுவார்.

ஆவணத் தளம் நடத்துவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தைப் போல, உள்ளடக்கம் பிடிஎப் கோப்புகளாக இருக்கும் தளத்தில், தேடுபொறியிலிருந்து நேரே கோப்பைத் திறப்பவரை இரண்டாம், மூன்றாம் வகைச் சேவைகள் காணா. பிடிஎப் கோப்புக்குள் அந்த ஸ்கிரிப்ட் இல்லை. அப்படிப்பட்ட தளத்துக்கு வழங்கிப் பதிவேடு கட்டாயம் வேண்டும்.

3. ஐந்து பேர் சோதனை

ஒரு தராசை வாங்குமுன் நிறை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்ப்போம். இங்கே படிக்கல், உங்களுக்கு முழுமையாகத் தெரிந்த வருகைகள்.

பரீட்சிக்கும் சேவைகளைத் தளத்தில் பொருத்திய பின், ஐந்து பேரைப் பிடியுங்கள்:

1. யாழ்ப்பாணத்தில், கைபேசித் தரவில் வருபவர்.
2. சுன்னாகத்தில், வீட்டுப் பைபர் இணைப்பில் கணினியில் வருபவர்.
3. கொழும்பில், விளம்பரத் தடுப்பு நீட்சி பூட்டிய கணினியில் வருபவர்.
4. ரொறன்ரோவில், அன்ட்ரொயிட் கைபேசியில், பேஸ்புக் இணைப்பை அழுத்தி வருபவர்.
5. பரிஸில், ஐபோனின் சபாரி உலாவியில், வட்ஸ்அப் இணைப்பை அழுத்தி வருபவர்.

ஒவ்வொருவரும் குறித்த நேரத்தில் மூன்று பக்கங்களைத் திறக்கட்டும். யார், எப்போது, எந்தப் பக்கம் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். ஒன்பது நாள் கழித்து அதே ஆட்கள், அதே கருவியில், அதே வழியில் இன்னொரு முறை செய்யட்டும். இந்த ஒன்பது நாளில் அவர்கள் தளத்துக்கு வரக்கூடாது. உண்மைக் கணக்கு இப்போது உங்கள் கையில் இருக்கிறது: 5 பேர், 10 வருகைகள், 30 பக்கப் பார்வைகள்.

தளத்தில் வேறு வாசகர்களும் வருவார்கள். எனவே இந்தச் சோதனைக்கென்று, வேறெங்கும் இணைப்புக் கொடுக்காத மூன்று பக்கங்களை உருவாக்கிக்கொண்டால் வடிகட்டுவது சுலபம்.

4. முடிவை வாசிக்கும் விதம்

குக்கிச் சேவை ஒன்று ‘5 பேர்’ என்று காட்டக்கூடும். சரியாக இருக்கிறதே என்று கொப்பியை மூடிவிடாதீர்கள். கொழும்புக் கணினியில் விளம்பரத் தடுப்பு ஸ்கிரிப்டையே தடுத்திருக்கும். அவர் கணக்கில் இல்லை. சபாரி 2019 முதல், ஸ்கிரிப்ட் இடும் குக்கிகளின் ஆயுளை 7 நாளாகக் குறைத்திருக்கிறது. ஒன்பதாம் நாள் வந்த பரிஸ்காரர் அதனால் இரண்டாவது ஆளாக எண்ணப்பட்டிருப்பார். ஒருவர் குறைந்தார், ஒருவர் கூடினார், கூட்டுத்தொகை பொருந்திவிட்டது. ஆகவே கூட்டுத்தொகையோடு நிற்காமல் ஒவ்வொரு ஆளையும் தனியே தேடிப் பாருங்கள்.

குக்கி இல்லாத சேவையில் கொழும்புக்காரர் தடுக்கப்பட்டிருந்தால், மீதி நால்வரும் இரண்டு நாளும் புதியவர்களாகி ‘8 பேர்’ என்று வரலாம். அது அந்தச் சேவையின் பிழை அல்ல. அது எண்ணும் முறை அப்படி. அதனிடம் ‘இந்த மாதம் எத்தனை தனி ஆட்கள்?’ என்று கேட்கக் கூடாது, ‘இன்று எத்தனை பேர்?’ என்று கேட்கலாம்.

இடக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். சேவைகள் வாசகரின் ஊரை ஐபி முகவரியைக் கொண்டே ஊகிக்கின்றன. நம் நாட்டில், குறிப்பாகக் கைபேசி வலையமைப்புகளில், அந்த முகவரி பெரும்பாலும் கொழும்பில் பதிவாகியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த முதலாம் ஆள் ‘கொழும்பு’ என்று தோன்றினால் வியப்பில்லை. ‘எங்கள் வாசகர்கள் பெரும்பாலும் கொழும்பில்’ என்று ஒரு சங்கம் தன் ஆண்டறிக்கையில் எழுதுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். நாட்டின் பெயரை நம்பலாம். நகரத்தின் பெயரை நம்பி முடிவு எடுக்க வேண்டாம்.

நாட்டின் பெயரும் சில நாட்களில் குழம்பும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது பலர் விபிஎன் வழியே இணையத்துக்கு வந்தார்கள். அத்தகைய நாட்களில் ஊரில் இருப்பவரே வெளிநாட்டுக் கணக்கில் விழுவார்.

வட்ஸ்அப், வைபர் வழியாக வந்தவர்கள் ‘நேரடி’ என்ற தலைப்பின் கீழ் தோன்றுவார்கள். அந்தச் செயலிகள் எங்கிருந்து அனுப்பினோம் என்பதைச் சொல்வதில்லை. நம்மவர் செய்தி பகிர்வது பெரும்பாலும் இந்தக் குடும்பக் குழுக்களில் என்பதால் ‘நேரடி’ வரி பெருத்துக்கிடக்கும். பகிரும் இணைப்பின் முடிவில் யூடிஎம் எனப்படும் அடையாளச் சொற்களைச் சேர்த்தால் இது தீரும். நீங்கள் பரீட்சிக்கும் சேவை அவற்றைப் பிரித்துக் காட்டுகிறதா என்று ஐந்தாம் ஆளை வைத்துப் பாருங்கள்.

5. இரண்டு சேவைகளை ஒன்றாக ஓடவிடுங்கள்

இரண்டு சேவைகளை நான்கு வாரம் ஒரே தளத்தில் வைத்திருங்கள். அந்த நான்கு வாரத்துக்குள் வாசகர் கூடும் நாள் ஒன்று இருக்கட்டும்: உங்கள் ஊர்க் கோயில் தேர், பாடசாலை விளையாட்டுப் போட்டி, சங்கப் பொதுக்கூட்டம்.

இரண்டின் எண்களும் ஒன்றாக இரா. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒன்று 100 என்றால் மற்றது 70 என்று காட்டலாம். மறுநாள் 200க்கு 140, அடுத்த நாள் 50க்கு 35 என்று விகிதம் நிலைத்து நின்றால் இரண்டுமே பயன்படும் தராசுகள். தேர் நாளில் ஒன்று மும்மடங்காகி மற்றது அசையாமல் கிடந்தால், அல்லது ஒரு சாதாரணச் செவ்வாயன்று காரணமின்றி ஒன்று மட்டும் துள்ளினால், ஏதோ ஒன்று மனிதரல்லாததை எண்ணுகிறது அல்லது மனிதரை விடுகிறது. அந்த நாளின் விபரத்தைத் திறந்து, ஒரே நாட்டிலிருந்து ஒரு விநாடிக்குள் வந்து போன கூட்டம் ஏதும் உண்டா என்று பாருங்கள்.

6. தமிழையும் நேரத்தையும் சோதியுங்கள்

வெளிநாட்டு மதிப்பாய்வுகள் தமிழ்த் தளத்தை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. உங்கள் பக்க முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், இணையம் அதைக் குறியீடாக மாற்றியே அனுப்பும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்து. ‘யாழ்’ என்ற சிறு சொல் நான்கு குறிகளால் ஆனது. முகவரியில் அது 36 எழுத்தாகிறது. அறிக்கையில் சேவை இதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டுகிறதா? காட்டாவிட்டால் எந்த வரி எந்தப் பக்கம் என்று உங்கள் செயலாளருக்கு விளங்காது. பக்கத் தலைப்பையாவது தமிழில் காட்டும் சேவையைத் தெரிவு செய்யுங்கள். நீண்ட முகவரியைச் சேவை இடையில் வெட்டிவிடுகிறதா என்றும் பாருங்கள். வெட்டினால் இரு வேறு பக்கங்கள் ஒன்றாகிவிடும்.

நேர வலயம் அடுத்தது. தளத்தை ஆரம்பித்தவர் ரொறன்ரோவில் இருந்தால் அறிக்கையும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நல்லூர்த் தேர் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் என்று வைப்போம். இங்கே காலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 9.30. தேரன்று காலை அந்த நேரத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் அறிக்கையில் சப்பறத்து நாள் கணக்கில் விழுவார்கள். சேவையின் அமைப்பில் நேரத்தைக் கொழும்புக்கு மாற்ற முடியுமா, மாற்றினால் பழைய நாட்களும் திருந்துமா, இனிவரும் நாட்கள் மட்டுமா என்று முதல் நாளே பாருங்கள்.

7. பக்கத்தின் பாரம்

வேகமான இணைப்பில் எந்தச் சேவையும் பாரமாகத் தெரியாது. குறிகாட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் போதோ நெடுந்தீவில் சமிக்ஞை மங்கிய இடத்திலோ பக்கத்தைத் திறந்து பாருங்கள். கூகிள் அனலிடிக்ஸ் ஸ்கிரிப்ட் சுருக்கிய நிலையிலும் நூறு கிலோபைட் அளவில் வரும். சிறிய சேவைகளுடையது சில கிலோபைட் மட்டுமே. மரண அறிவித்தலை மட்டும் வாசிக்க வந்தவரின் தரவுப் பொதியில் அந்தப் பாரமும் கழிகிறது. சேவையின் வழங்கி விழுந்தாலும் உங்கள் பக்கம் திறக்க வேண்டும். ஸ்கிரிப்டின் முகவரியை உலாவியில் தடுத்துவிட்டுத் தளத்தைத் திறந்து இதை உறுதிப்படுத்தலாம்.

8. யாரை எழுதி வைக்கிறோம்?

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்க வேண்டாம். ஓமந்தை, முகமாலைச் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி, பெயரும் போகும் இடமும் எழுதுவித்து நின்றவர்கள் நம் வாசகர்கள். யார் எப்போது எங்கிருந்து வந்தார் என்ற பட்டியலின் பாரம் அவர்களுக்குத் தெரியும். காணாமற்போனவர் பற்றிய பக்கத்தையோ மே மாத நினைவேந்தல் பக்கத்தையோ ஒருவர் வாசித்தார் என்ற குறிப்பு, வாசித்தவருக்கும் ஊரில் இருக்கும் அவர் குடும்பத்துக்கும் மனக்கிலேசம் தரக்கூடியது. நமக்கு வேண்டியது தொகை. ஆளை அறிவிக்கும் விபரத்தைச் சேர்த்து வைத்தால் அதைக் காக்கும் பொறுப்பும் நம்முடையதாகிவிடும்.

சேவையிடம் ஐந்து விடயங்களைக் கேளுங்கள். பதிலை அவர்களின் தனியுரிமைக் கொள்கையில் எழுத்தில் தேடுங்கள்.

• ஐபி முகவரி முழுதாகச் சேமிக்கப்படுகிறதா, கடைசிப் பகுதி மறைக்கப்படுகிறதா, சேமிக்கப்படுவதே இல்லையா?
• விபரம் எத்தனை காலம் இருக்கும்? கூகிள் அனலிடிக்ஸின் புதிய பதிப்பு தனிப் பயனர் விபரத்தை இயல்பாக 2 மாதம் வைத்திருக்கும். இலவசப் பதிப்பில் 14 மாதமாக நீட்டலாம்.
• அந்த நிறுவனம் அதே விபரத்தை விளம்பரத்துக்கோ வேறு தேவைக்கோ பயன்படுத்துமா?
• விபரம் எந்த நாட்டு வழங்கியில் இருக்கிறது?
• அழிக்கச் சொன்னால் அழியுமா?

வாசகரின் சுட்டி அசைவையும் தட்டலையும் காணொளி போலப் பதிவு செய்யும் மைக்ரோசொவ்ட் கிளாரிட்டி, ஹொட்ஜார் போன்றவை வேறொரு வகை. விற்பனைப் பக்கத்தைத் திருத்தச் சில வாரம் அவை உதவும். அனுதாபச் செய்தி எழுதும் பக்கத்திலும், நன்கொடை வங்கி விபரம் கேட்கும் பக்கத்திலும் அவற்றை வைக்கவே கூடாது.

சட்டமும் உண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயர் இல்லாவிட்டாலும் ஒருவரை இனங்காட்டக்கூடிய இணைய அடையாளத்தைத் தனிப்பட்ட தரவாகக் கொள்கிறது. பரிஸ், ஒஸ்லோ, பெர்லின் வாசகர்களை ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 முதல் காக்கிறது; அங்கிருப்போரின் நடத்தையைத் தொடர்ந்து கவனிக்கும் தளம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும் அது பொருந்தும். அங்கே குக்கிக்கு முன் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் மறுப்பவர் கணக்கில் வரமாட்டார். புலம்பெயர் வாசகர் அதிகமுள்ள தளத்துக்குக் குக்கி இல்லாத சேவை கூடுதல் பொருத்தம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

9. பணம், சாவி, வெளியேறும் வழி

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மாதம் 10 டொலர் சந்தா 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவானது. சேவை ஒரு சதமும் கூட்டவில்லை. சந்தாவைச் சங்கத்தின் வரவு செலவில் எழுதும்போது டொலரிலும் எழுதுங்கள். எத்தனை பக்கப் பார்வை வரை அந்தக் கட்டணம், திருவிழா மாதத்தில் அது தாண்டினால் என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள்.

இலவசமும் நிரந்தரமல்ல. கூகிள் அனலிடிக்ஸின் முந்திய பதிப்பு 2023 யூலை 1ஆம் திகதி எண்ணுவதை நிறுத்தியது. ஓராண்டின் பின் பழைய அறிக்கைகளைத் திறக்கும் வழியும் மூடப்பட்டது. பதிவிறக்கி வைக்காதவர்களின் பல வருடக் கணக்கு போய்விட்டது. பரீட்சை நாட்களிலேயே ‘பதிவிறக்கு’ பொத்தானை அழுத்தி, வரும் கோப்பு விரிதாளில் திறக்கிறதா, தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று பாருங்கள்.

கணக்கின் சாவி யாரிடம் என்பது எல்லாவற்றிலும் பெரிது. ஊர்த் தளங்கள் பல, வெளிநாட்டில் இருக்கும் ஓர் அன்பரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டவை. அவர் நோயுற்றால், முகவரி மாறினால், காலமானால் தளமும் கணக்கும் பூட்டிக்கொள்ளும். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, அதில் கணக்கை ஆரம்பித்து, ஊரில் ஒருவருக்கும் வெளிநாட்டில் ஒருவருக்கும் நிர்வாகி உரிமை கொடுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடு ஒரே ஆளின் கைபேசிக்கு மட்டும் வரும்படி விடாதீர்கள். இருவருக்கு உரிமை கொடுக்க அனுமதிக்காத சேவையை ஒரு சங்கம் எடுக்கக் கூடாது.

10. எந்தத் தளத்துக்கு எது?

எல்லோருக்கும் முதலில் கூகிள் சேர்ச் கொன்சோல். இது இலவசம்; வாசகரின் உலாவியில் எதையும் ஏற்றுவதில்லை. எந்தச் சொல்லைத் தேடி உங்கள் தளத்தைக் கண்டார்கள் என்பதைத் தமிழிலேயே 16 மாதத்துக்குக் காட்டும். சில தளங்களின் மூன்று கேள்விகளுக்கும் இதுவே பதில் சொல்லிவிடும்.

ஊர்த் தளம், கோயில், சனசமூக நிலையம்: குக்கி இல்லாத சிறு சேவை. பராமரிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருந்தால் சொந்த வழங்கியில் மடோமோ. சாதாரண வாடகை வழங்கியிலும் அது இயங்கும். இற்றைப்படுத்தாமல் விட்டால் பாதுகாப்பு ஓட்டையாகும்.

விருந்தினர் விடுதி, ஏற்றுமதி வியாபாரம்: கூகிள் விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பவராயின், அதோடு இணையும் கூகிள் அனலிடிக்ஸ், சம்மதப் பலகையுடன். விளம்பரம் செய்யாதவருக்கு அது தேவையில்லை.

ஆவணத் தளம்: வழங்கிப் பதிவேடும் ஒரு சிறு சேவையும்.

முடிவு எடுக்கும் நாள்

இரண்டு மாதம் முடிந்ததும் கொப்பியின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். மூன்று கேள்விகளுக்கும் எதிரே, ஒவ்வொரு சேவையும் தந்த பதிலை ஒரு வரியில் எழுதுங்கள். வரி எழுத முடியாத சேவையை அன்றே தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பரீட்சைக்காக வைத்த இரண்டாவது ஸ்கிரிப்டையும் மறக்காமல் அகற்றுங்கள்.

தெரிவு செய்த சேவையையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருமுறை விசாரியுங்கள்: கடந்த வருடம் இந்தக் கணக்கைப் பார்த்து நாங்கள் மாற்றியது என்ன? படங்கள் ஏற்றும் நேரத்தை மாற்றினோம், ஆங்கிலப் பக்கத்தை வைத்துக்கொண்டோம், விளம்பரத்தை நிறுத்தினோம் என்று ஒன்றாவது சொல்ல முடிந்தால் அது இருக்கட்டும். ஒன்றும் இல்லையென்றால், எங்களை நம்பி வந்தவர்களின் வரவைக் காரணமின்றி ஒரு வருடம் எழுதி வைத்திருந்தோம் என்பதே பொருள். அன்றைக்கே அதை நிறுத்திவிடுங்கள்.